பழைய மோட்டார் சைக்கிள் என்ஜினின் மேற்பாகம்: பழுதைக் கண்டறிதலும் திருத்துதலும்

ஊர் திரும்பும் பல குடும்பங்களிடம் எஞ்சியிருக்கும் ஒரே வாகனம் ஒரு பழைய எம்.டி.90 அல்லது சி.90 தான். மீன் பெட்டி கட்டிச் செல்வதும், பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றுவதும், இரவில் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதில்தான். மழையிலும் வெயிலிலும் கிடந்த அந்த வண்டிக்குப் பணம் செலவழிக்கலாமா என்பதை நீங்களே ஓரளவு தீர்மானிக்க இப்பாடம் உதவும். வேலையை மெக்கானிக்கிடம் கொடுப்பதானாலும் வாசித்துவிட்டுக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னர் ஒன்று. வண்டி பற்றைக்குள்ளோ பாழடைந்த வளவிலோ கிடந்தால், அந்த இடத்தில் கண்ணிவெடி அகற்றப்பட்டுவிட்டதா என்று கிராம அலுவலரிடம் உறுதிசெய்யாமல் எடுக்கப் போகவேண்டாம். எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதற்காக ஓர் இடம் பாதுகாப்பானது ஆகிவிடாது.

வண்டி வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது கிக்கரை மிதிப்பது. அதைச் செய்யாதீர்கள். நீண்ட நாள் நின்ற என்ஜினில் பிஸ்டன் றிங்குகள் துருவோடு சிலிண்டரில் ஒட்டியிருக்கும். பலமாக மிதித்தால் றிங் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும். பிளக்கைக் கழற்றி, துவாரம் வழியாக மூன்று நான்கு தேக்கரண்டி ஒயில் விடுங்கள். இவ்வகை வண்டிகளில் சிலிண்டர் முன்பக்கமாகப் படுத்திருப்பதால், முன் சில்லுக்குக் கீழே கல் வைத்து உயர்த்தினால்தான் ஒயில் பிஸ்டனை நோக்கி இறங்கும். ஓரிரு நாள் அப்படியே விடுங்கள். பிறகு இடப்பக்க மூடியைக் கழற்றி, மக்னற் நட்டில் ஸ்பனர் போட்டு, மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். அசையாவிட்டால் மேலும் ஒயில் விட்டுப் பொறுத்திருங்கள். பொறுமைக்குச் செலவில்லை, சிலிண்டருக்கு உண்டு.

பழுது எங்கே?

என்ஜின் ஓடும் நிலையில் இருந்தால் புகையைப் பாருங்கள். பாரம் இழுக்கும்போது தொடர்ந்து நீலப் புகை வந்தால் றிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. காலையில் ஸ்ராட் பண்ணும்போது மாத்திரம், அல்லது இறக்கத்தில் வந்து மீண்டும் அக்சிலேற்றர் கொடுக்கும்போது மாத்திரம் நீலமாக வந்தால், வால்வு கைடு அல்லது அதன் சீல். கறுப்புப் புகை பெரும்பாலும் காபரேற்றர் அல்லது அடைத்துப்போன எயார் பில்ரர் வேலை. அதற்காக ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

அடுத்தது கொம்பிரசன். பிளக்கைக் கழற்றி, அக்சிலேற்றரை முழுவதும் திறந்து பிடித்து, துவாரத்தைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு இன்னொருவரை மிதிக்கச் சொல்லுங்கள். நல்ல என்ஜின் விரலைத் தள்ளிவிடும். தள்ளாவிட்டால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, அது சுற்றிலும் பரவும்படி சில தடவை மிதித்துவிட்டு மீண்டும் பாருங்கள். இப்போது பலம் கூடினால் பழுது றிங்கில். கூடாவிட்டால் வால்வில், அல்லது ஹெட் கஸ்கற்றில்.

ஆனால் கழற்றும் முடிவுக்கு வருமுன் ரப்பெற் இடைவெளியை அளந்தே ஆகவேண்டும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, மக்னற்றில் உள்ள ‘ரி’ எழுத்தைக் கோட்டுக்கு நேரே கொண்டுவந்து, இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் பீலர் கேஜால் அளக்க வேண்டும். இந்தச் சிறிய ஹொண்டா என்ஜின்களுக்கு 0.05 மி.மீ. இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது, கொம்பிரசன் இருக்காது. சரிசெய்ய ஒரு பாகமும் வாங்கத் தேவையில்லை. இதைப் பார்க்காமலே ஹெட்டைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்கவேண்டாம்.

1990களில் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி என்றால் இன்னொரு கவனம். சரியாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் தலையிலும் வால்விலும் கரியாகப் படியும். றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். அத்தகைய வண்டியில் மேற்பாகம் மாத்திரமல்ல, கீழே உள்ள பெரிய பெயரிங்கும் தேய்ந்திருக்கக்கூடும்.

கழற்றிய பின் எடுக்கும் முடிவு

சேற்றைக் கழுவிய பிறகே கழற்றுங்கள். ரைமிங் செயினைக் கம்பியால் கட்டிவையுங்கள், உள்ளே விழவிட வேண்டாம். ஹெட் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். எந்த நட்டும் வாசரும் எந்த இடத்தில் இருந்தது என்று ஒரு மட்டையில் வரைந்துகொள்ளுங்கள். இடம் மாறினால் ஒயில் கசியும். சிலிண்டரைத் தூக்கியதும் கீழ் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள்.

பிஸ்டனைக் கழற்றியதும் கொன்றொட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசையலாம். மேல் கீழ் அசைவு சற்றும் இருக்கக்கூடாது. இருந்தால் மேற்பாகத்துக்கு ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். முழு என்ஜினையும் பிரிக்கும் செலவைக் கேட்டு, அது வண்டியின் பெறுமதிக்குத் தகுமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். வாழ்வாதார உதவிப் பணத்தை இந்தச் சோதனைக்கு முன்னர் பாகங்களில் போடுவது வீண்.

பிறகு சிலிண்டர். மேல் விளிம்பின் உட்புறத்தில் நகத்தை ஓட்டினால் படி போல் தட்டுப்படுகிறதா? ஒரு றிங்கை உள்ளே வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியை அளவுங்கள். 0.5 மி.மீ.க்கு மேற்பட்டால் றிங் தேய்ந்துவிட்டது. சிலிண்டர் வட்டம் கெட்டிருந்தால் புது றிங் போட்டும் பயனில்லை, போர் அடிக்க வேண்டும். மேலளவுப் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என வரும். பழைய பிஸ்டனின் தலையில் உள்ள இலக்கம், வண்டி முன்பு எத்தனையாவது அளவுக்குப் போர் அடிக்கப்பட்டது என்பதைக் காட்டும். புதுப் பிஸ்டனை முதலில் வாங்கி, அதைச் சிலிண்டருடன் லேத் பட்டறைக்குக் கொடுங்கள். பிஸ்டனை அளந்துதான் போர் அடிக்க வேண்டும். பட்டறை நகரத்தில்தான் இருக்கும் என்றால், அயலில் இரண்டு மூன்று பேரின் சிலிண்டர்களை ஒருவரே கொண்டுபோகலாம்.

வால்வுக்கு எளிய சோதனை உண்டு. ஹெட்டின் துவாரத்தில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். வால்வு ஓரமாகக் கசிந்தால் கிரைண்டிங் பேஸ்ற் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்த பின் பேஸ்ற் ஒரு துளியும் மிஞ்சாமல் கழுவுங்கள். மிஞ்சினால் அது புது றிங்கையும் தின்றுவிடும். கரியை மரச் சில்லால் சுரண்டுங்கள். அலுமினியத்தில் வாள் அலகு வேண்டாம்.

பூட்டும்போது றிங்கில் எழுத்துள்ள பக்கம் மேலே, மூன்று றிங்குகளின் வாய்களும் ஒன்றுக்கொன்று விலகி, பிஸ்டனில் ‘ஐ.என்’ என்ற குறி காபரேற்றர் பக்கம். சேர்க்கிளிப், கஸ்கற், ஒயில் வழியில் உள்ள றப்பர் வளையம் ஆகிய மூன்றும் புதிதாக இருக்க வேண்டும். மலிவான இவற்றில் மிச்சம் பிடித்தால் மீண்டும் கழற்ற நேரும். ரைமிங் குறிகள் பொருந்தியதும் மிதிக்காமல் ஸ்பனரால் இரண்டு சுற்றுத் திருப்புங்கள். எங்காவது தட்டினால் நிறுத்துங்கள், வால்வு பிஸ்டனில் படுகிறது.

மாற்றிய பழைய பாகங்களையும் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். ஹெட்டும் சிலிண்டரும் மாற்றுவதால் என்ஜின் இலக்கம் மாறாது, அது கீழ்ப்பாகத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. முழு என்ஜினையும் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் சோதனையில் புத்தகமும் வண்டியும் பொருந்தாமல் நிற்க நேரும்.

முதன்முறை ஸ்ராட் பண்ணுமுன் ஹெட்டின் மேல் சிறிது ஒயில் ஊற்றிவிடுங்கள். முதல் 500 கி.மீ. வரை மீன் பெட்டியோ மூன்றாம் ஆளோ ஏற்றாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் பழக்குங்கள். அதன்பின் ஒயிலை மாற்றி, என்ஜின் குளிர்ந்ததும் ரப்பெற்றை மீண்டும் அளந்து பாருங்கள்.