பணம் போகும் வழியைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. உன் நீளமான வாட்ஸாப் செய்தியை நிதானமாகப் படித்தேன். போனில் பதில் சொன்னால் பாதியை மறந்துவிடுவேன், மீதியை நீ கேட்க மாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

நீ படிக்கப் போன பிரிட்டனில், டேட்டிங் செயலியில் பழக்கமான, அங்கேயே படிக்கும் நைஜீரியப் பையனோடு பேசாதே, அந்த ஊர்க்காரர்கள் எல்லாம் ஃப்ராடு என்று உன் அறைத்தோழிகள் சொல்கிறார்களாம். அவர்களில் ஒருத்தியே, சிரியாவில் இருப்பதாகச் சொல்லும் அமெரிக்க ராணுவ டாக்டர் ஒருவரோடு மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறாளாம். அதை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். நீ என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்தது வங்கி வேலை மட்டும்தான். காதலைப் பற்றி உன் மாமாவைத்தான் கேட்க வேண்டும், அவருக்கும் தெரியாது. ஆனால் இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகம் அந்த டாக்டர்மேல்தான்.

நைஜீரியாவில் இந்த மோசடி இல்லை என்று நான் சொல்லவில்லை. அங்கே இதைச் செய்கிறவர்களுக்கு ‘யாஹூ பாய்ஸ்’ என்று பேரே உண்டு. அந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவு உலகம் முழுக்கத் தெரிந்த எண்ணாகிவிட்டது. கானாவில் இதையே ‘சகாவா’ என்பார்கள். ஆனால் கொஞ்சம் யோசி. அந்தத் தொழிலில் இருப்பவன் தன் சொந்த முகத்தோடும் சொந்தப் பேரோடும் உன்னிடம் வருவானா? வந்தால் ஒரு பைசா பெயராது. மனைவியை இழந்த வெள்ளைக்காரர், கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்றில் இன்ஜினியர், போர்முனையில் டாக்டர் என்றுதான் வருவான். எந்தத் தோலை நாம் நம்புவோம், எதைக் கண்டால் ஒதுங்குவோம் என்பது அவனுக்கு மனப்பாடம். நம் மனசில் இருக்கும் இனப் பாகுபாடுதான் அவனுடைய முதலீடு.

எந்தக் கதை எடுபடுகிறது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. அமெரிக்காவின் எஃப்டிசி என்ற நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பிடம் 2022இல் மட்டும் கிட்டத்தட்ட 70,000 பேர் காதல் மோசடிப் புகார் கொடுத்தார்கள். போன பணம் 130 கோடி டாலர். அதிகம் சொல்லப்பட்ட பொய் ‘எனக்கோ என் வீட்டாருக்கோ உடம்பு சரியில்லை, அடிபட்டுவிட்டது, ஜெயிலில் இருக்கிறோம்’ என்பது. அதற்கு அடுத்த இடத்தில் இரண்டு: ‘முதலீடு செய்யச் சொல்லித் தருகிறேன்’, ‘ராணுவத்தில் தொலைதூரத்தில் இருக்கிறேன்’. லீவில் வர ஒரு சிப்பாய் யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை என்று அமெரிக்க ராணுவத்தின் குற்றப் புலனாய்வுத் துறை பல வருஷமாகச் சொல்லி வருகிறது. அந்தப் படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் நிஜமான சிப்பாய்கள்தான். படம் திருட்டுப் போனதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஆளுக்கு ஏற்ற முகம் உண்டு. தனியாக இருக்கும் வயதான அமெரிக்கருக்கு இருபது வயது பிலிப்பைன்ஸ் பெண். பணம் சேர்த்து வைத்திருக்கும் சிங்கப்பூர்க்காரருக்கு முதலீட்டில் கெட்டிக்காரியான அழகான சீனப் பெண். நம் ஊர்ப் பெண்களுக்கு லண்டன் டாக்டர்.

லண்டன் டாக்டரின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது என் கவுன்டருக்கே வந்தது. திருமணத் தளத்தில் அறிமுகம். தினமும் ‘குட் மார்னிங் டியர்’. கல்யாணப் பேச்சு முற்றியதும் பரிசு அனுப்பியிருப்பதாக ஒரு பெட்டியின் படம் வரும்: ஐபோன், கைப்பை, தங்கச் சங்கிலி, ஒரு கவரில் பவுண்டு நோட்டுகள். அப்புறம் டெல்லி விமான நிலையக் கஸ்டம்ஸிலிருந்து பேசுவதாக ஒரு பெண்ணின் போன். முதலில் சுங்க வரி. கட்டினால், கணக்கில் காட்டாத வெளிநாட்டுப் பணம் உள்ளே இருக்கிறது என்று அபராதம். அதையும் கட்டினால் வருமான வரிச் சான்றிதழ். ஒவ்வொரு தடவையும் ‘இதுதான் கடைசி’.

எங்கள் கிளைக்கு வந்தவர் ஒரு டீச்சர், பிளஸ் டூ-க்குக் கணக்கு எடுப்பவர். நகையை அடகு வைத்து அந்தப் பணத்தை உடனே அனுப்ப வேண்டும் என்றார். படிவத்தில் பணம் பெறுபவர் என்று யாரோ ஓர் ஆணின் பேர், கிளை அவர் கேள்வியேபடாத ஊர். “இவர் யாருங்க டீச்சர்?” என்றேன். “கஸ்டம்ஸ் ஆபீசர்” என்றார். “கஸ்டம்ஸ் ஆபீசருக்கு எதுக்கு அவர் சொந்த சேவிங்ஸ் அக்கவுன்ட்ல போடணும்?” என்று கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குமுன் இரண்டு தடவை அனுப்பியிருந்தார், அது திரும்பவில்லை. முட்டாள்தான் ஏமாறுவான் என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். சுங்க வரி அரசுக் கணக்குக்குத்தான் போகும், தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்குப் போகாது. சுங்கத் துறை அனுப்பும் கடிதத்தில் டின் என்று ஓர் எண் இருக்கும், துறையின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். அவருக்கு இது தெரியாது, கேட்க ஆளும் இல்லை. வெள்ளைக்கார மாப்பிள்ளை என்று வெளியே சொல்லக் கூச்சம்.

சரி, அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிறவர் யார்? இதைக் கேட்டால் உன் தோழிகள் அதிர்ந்துபோவார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் 1,00,000 பேரும் வளாகங்களில் அடைக்கப்பட்டு, அடி உதைக்குப் பயந்து இந்த மோசடியைச் செய்துகொண்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜென்ட் பேச்சை நம்பிப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் மாட்டிக்கொண்ட தமிழ்நாட்டுப் பையன்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தார்கள். 2025 மார்ச்சில் அந்த வளாகங்களிலிருந்து வந்த 549 இந்தியர்களை அரசு விமானம் அனுப்பி அழைத்து வந்தது. சிங்கப்பூர்க்காரரோடு கொஞ்சிப் பேசிய அந்தச் சீனத்து அழகி, நம் ஊர் டிப்ளமா படித்த பையனாகவே இருந்திருக்கலாம். இனத்தை வைத்து ஆளை எடைபோட என்ன இருக்கிறது இதில்?

வீடியோவில் பார்த்துவிட்டேன் என்று உன் தோழி சொல்வாள். அது முன்பு செல்லுபடியான சோதனை. 2024 அக்டோபரில் ஹாங்காங் போலீஸ் 27 பேரைப் பிடித்தது. டீப்ஃபேக்கில் அழகிய பெண்களாக முகம் மாற்றி வீடியோ காலிலேயே பேசியிருக்கிறார்கள். சுருட்டியது 36 கோடி ஹாங்காங் டாலர். ஏமாந்தவர்களில் இந்தியர்களும் உண்டு. பிராட் பிட் என்று நம்பி 8,30,000 யூரோ இழந்த பிரெஞ்சுப் பெண்ணைப் பற்றி 2025 ஜனவரியில் படித்திருப்பாய். அவர் டிவியில் வந்து சொன்னதும் ஊரே கேலி செய்து, சேனல் அந்த நிகழ்ச்சியையே எடுத்துவிட்டது. இப்படிச் சிரித்தால் அடுத்தவர் வாயைத் திறப்பாரா?

இனி உன் பக்கம். உன்னையும் யாராவது ஒரு அச்சுக்குள் அடைக்கத்தான் பார்ப்பார்கள். ‘ஆசியப் பெண் அடக்கமானவள்’ என்று தேடி வரும் ஆண்கள் நீ இருக்கும் ஊரிலும் உண்டு. அந்த நினைப்பை வைத்துக் கல்யாண வியாபாரமே நடந்து, அதைத் தடுக்க 1990இல் பிலிப்பைன்ஸ் சட்டம் போட்டது. ‘நான் அப்படியெல்லாம் பார்க்க மாட்டேன்’ என்று சொல்கிறவர்களையும் முழுசாக நம்பாதே. ஓகேகியூபிட் தளத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ரடர், 2009 முதல் 2014 வரையிலான பயனர் தரவை வெளியிட்டார். கேள்விக்குப் பதில் சொல்லும்போது வருஷத்துக்கு வருஷம் பாகுபாடு குறைந்துகொண்டே வந்தது. மதிப்பெண் போடும்போது ஒன்றும் மாறவில்லை. கறுப்பினப் பெண்களும் ஆசிய ஆண்களும் மற்ற இனத்தவரிடம் தொடர்ந்து குறைந்த மதிப்பெண்ணே வாங்கினார்கள்.

நாம் மட்டும் என்ன? ஷாதி.காம் என்ற நம் திருமணத் தளத்தில் தோல் நிறத்தை வைத்து வடிகட்டும் வசதி 2020 ஜூன் வரை இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியப் பெண்கள் மனு போட்ட பிறகுதான் எடுத்தார்கள். உன் தோழிகள் அந்தப் பையனைப் பார்த்த மாத்திரத்தில் ஃப்ராடு என்றது இந்தப் பழக்கத்தில்தான்.

அவன் நல்லவன் என்று நான் சர்டிபிகேட் தரவில்லை, எனக்கு அவனைத் தெரியாது. பணம் இல்லாதவனையும் பணம் பறிப்பவனையும் ஒன்றாக்கிவிடாதே என்கிறேன். 2023 ஜூனில் நைஜீரிய அரசு நைராவின் மாற்று விகிதத்தைத் தளர்த்தியதும் அதன் மதிப்பு மளமளவென்று சரிந்தது. பிரிட்டனில் படித்த அந்த நாட்டுப் பிள்ளைகள் பலர் ஃபீஸ் கட்ட முடியாமல் தவித்தார்கள். சாப்பிடப் போன இடத்தில் பில்லைப் பங்கு போடத் தயங்குகிறான் என்றால் அதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கலாம். நேரில் பார்க்கும் முன்பே பணம் கேட்டால் அவன் நைஜீரியனோ நார்வேக்காரனோ, அங்கேயே முடித்துக்கொள். பழகிய பிறகு நிஜமாகவே கஷ்டம் என்றால் பல்கலைக்கழகத்தின் கஷ்ட நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்கச் சொல்.

இப்போது என் தொழில். எந்த வழியாகப் பணம் கேட்கிறார்கள் என்று பார். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், மோசடியில் மாட்டி நீயே உன் கையால் அனுப்பிய பணத்தையும் வங்கி திருப்பித் தர வேண்டும் என்று விதி. உச்சவரம்பு 85,000 பவுண்டு. பணம் அனுப்பிய வங்கியும் வாங்கிய வங்கியும் ஆளுக்குப் பாதி ஏற்க வேண்டும். ஆனால் அது பிரிட்டனுக்குள் கணக்குக்குக் கணக்கு போகும் பணத்துக்கு மட்டும்தான். கிஃப்ட் கார்டு, கிரிப்டோ, வெளிநாட்டுக் கணக்கு இவை அதில் வராது. மோசடிக்காரன் இந்த மூன்றையும் ஏன் விரும்புகிறான் என்று இனி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உன்னைப் போன்ற மாணவிக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறு ஒன்று. பணம் கேட்கவே மாட்டான், தருவான். ‘என் கணக்கில் ஏதோ சிக்கல், நண்பன் அனுப்பும் பணம் உன் கணக்குக்கு வரட்டும், நான் சொல்கிற இடத்துக்கு மாற்றிவிடு, ஐம்பது பவுண்டு நீ வைத்துக்கொள்.’ காதலன் கேட்கிறானே என்று செய்தால், அது டீச்சரைப் போல இன்னொருத்தி அடகு வைத்த பணமாக இருக்கும். சட்டத்தின் கண்ணில் நீ கறுப்புப் பணத்தை வெளுப்பவள். அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. வழக்கு இல்லாவிட்டாலும் சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புப் பதிவேட்டில் உன் பேர் 6 வருஷம் நிற்கும். வங்கிக் கணக்கு மூடப்படலாம், போன் இணைப்பு வாங்குவதுகூடப் பாடாகும். கணக்கையோ கார்டையோ யாருக்கும் இரவல் தராதே, உயிர்த்தோழிக்கும்கூட.

அந்தப் பையனைப் பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் பார். காபி ஷாப் போதும். தோழி ஒருத்தியைப் பக்கத்து மேசையில் உட்கார வை. அவன் படிக்கும் துறை, உடன் படிப்பவர்கள், தங்கும் இடம் எல்லாம் ஒரே ஊரில் இருப்பதால் விசாரிப்பது சுலபம். உங்கள் அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாள் வந்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அறைத்தோழியைத்தான் முதலில் கவனி. சிரிக்காதே, திட்டாதே. டாக்டரின் படத்தை கூகுளில் போட்டுத் தேடச் சொல். இதுவரை ஏதாவது அனுப்பினாயா என்று தனியாக வைத்துக் கேள். அனுப்பியிருந்தால் பிரிட்டன் வங்கிக்கு இன்றைக்கே 159-இல் போன் போடட்டும், அந்த எண் நேராக வங்கிக்கு இணைக்கும். இந்தியக் கணக்கிலிருந்து போயிருந்தால் இங்கே வீட்டில் யாரையாவது 1930-க்கு அடிக்கச் சொல்லட்டும். வீட்டில் சொல்லப் பயந்தால் என் நம்பரைக் கொடு, நான் அடிக்கிறேன்.

அன்புடன்,
அத்தை