தேங்காய்ப்பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரியுமா?

பால் காய்ச்சும் அடுப்புப் பக்கம் எலுமிச்சையை வைக்கவே தயங்குகிற வீடுகள் நம் ஊரில் ஏராளம். ஒரு சொட்டு பட்டாலும் பால் திரிந்துவிடும், திரிந்ததைக் குடித்தால் வயிறு கெட்டுவிடும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் எச்சரிக்கை. அதனால் பாலின் வழவழப்பும் எலுமிச்சையின் புளிப்பும் ஒரே டம்ளரில் சேரும் பானம் என்றால் பலர் முகம் சுளிக்கிறார்கள். பிரேசிலிலோ இதுதான் பிரபலமான கோடை பானம். எலுமிச்சையைத் தோலோடு தண்ணீரில் அடித்து, உடனே வடிகட்டி, சர்க்கரையும் மில்க்மெய்டு போன்ற டின் பாலும் கலந்து, ஐஸ் போட்டுக் குடிக்கிறார்கள்.

கைபேசி வீடியோக்கள் வழியாக அந்தச் செய்முறை நம் சமையலறைகளுக்கும் வந்துவிட்டது. சென்னைப் பக்கம் தாம்பரத்திலோ கோவளத்திலோ இருப்பவர்களுக்கு டின் பால்கூடத் தேவையில்லை. தேங்காய் இருக்கிறது, எலுமிச்சை இருக்கிறது. குறுக்கே நிற்பவை சில நம்பிக்கைகள் மட்டுமே. அவற்றில் சில தவறு, சில பாதி உண்மை. உண்மையில் பயப்பட வேண்டிய சில விஷயங்களோ இந்தப் பட்டியலிலேயே இல்லை.

நம்பிக்கை: பாலும் எலுமிச்சையும் சேர்ந்தால் விஷம்

பாலையும் புளிப்பையும் சேர்த்து உண்ணக் கூடாது என்று ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை சொல்கிறது. இந்த நம்பிக்கைக்கு அப்படிப் பழைய வேர் உண்டு. ஆனால் பால் திரிவதற்கும் விஷமாவதற்கும் தொடர்பில்லை. பசும்பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால்தான் பால் சீராக இருக்கிறது. பாலின் அமில அளவு, அதாவது பி.எச்., 6.6 அளவில் இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது. சாறு சேரச் சேர அளவு இறங்கி 4.6-ஐத் தொடும்போது அந்த விலக்கம் போய், உருண்டைகள் ஒட்டிக்கொண்டு கட்டியாகின்றன. அந்தக் கட்டிதான் பனீர். எலுமிச்சை பிழிந்து பனீர் செய்து குழந்தைக்கு ஊட்டுகிற அதே வீட்டில் பாலும் எலுமிச்சையும் விஷம் என்று சொல்வது பொருந்தவில்லை. மனித வயிற்றிலும் எலுமிச்சைச் சாற்றுக்கு இணையான அமிலம் உண்டு. எலுமிச்சை சேர்க்காமல் வெறும் பாலைக் குடித்தாலும் உள்ளே போனதும் அது திரியத்தான் செய்யும்.

ஆக, பச்சைப் பாலிலோ காய்ச்சிய பாலிலோ எலுமிச்சை பிழிந்தால் கெடுவது பானத்தின் உருவமும் வாயில் படும் பதமும்தான். யாரும் அதை விரும்பிக் குடிக்க மாட்டார்கள் என்பது உண்மை. நன்னாரி சர்பத் கடையில் பால் சர்பத் கேட்டால் எலுமிச்சை பிழியாமல் கொடுப்பது இதனால்தான். மில்க்மெய்டு வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதில் பாதிக்கு மேல் சர்க்கரை, தண்ணீர் மிகக் குறைவு. எலுமிச்சை பட்டால் மோர்போலப் பிரிந்து நிற்காமல் மொத்தமாக இறுகிக் குழையும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கீ லைம் பை என்ற இனிப்பு இந்த ஒரு குணத்தை நம்பித்தான் உருவானது.

தேங்காய்ப்பாலில் கேசீன் என்பதே கிடையாது. திரிந்து பனீராக மாற அதில் எதுவும் இல்லை. இதற்கு ஆய்வுக்கூடம் வரை போக வேண்டாம், திருநெல்வேலிக்குப் போனால் போதும். அங்கே கல்யாணம் முடிந்த மறுநாள் மறுவீட்டு விருந்தில் பரிமாறுகிற சொதி, முழுக்க முழுக்கத் தேங்காய்ப்பாலில் செய்யப்படுவது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அதில் எலுமிச்சை பிழிவார்கள். யாழ்ப்பாணத்துச் சொதியிலும் தேசிக்காய்ப் புளி விடுவது கடைசியில்தான். இறக்கிய பிறகு என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு: கொதியும் புளிப்பும் சேர்ந்தால் தேங்காய்ப்பாலில் எண்ணெய் தனியாகப் பிரிந்துவிடும். குளிர்ந்த பானத்தில் அந்தக் கவலை இல்லை. தேங்காய்ப்பாலோடு எலுமிச்சை சேர்ப்பது தமிழ்ச் சமையலுக்குப் புதிதே அல்ல; டம்ளரில் ஊற்றிக் குடிப்பதுதான் புதிது.

கடையில் வாங்கும் தேங்காய்ப்பால் பொடியில் மட்டும் கவனம் வேண்டும். பல பொடிகளில் சோடியம் கேசினேட் சேர்க்கிறார்கள். அது பாலிலிருந்து எடுப்பது. பால் ஒவ்வாமை உள்ளவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

இனி செய்முறை. நான்கு டம்ளருக்கு ஒரு நடுத்தரத் தேங்காய், மூன்று எலுமிச்சை. துருவிய தேங்காயை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிய வேண்டும். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரியை ஒட்டி இறுகிவிடும். குளிர்ந்த நீர் விட்டு அரைத்தால் பாதிச் சத்து சக்கையோடு போய்விடும். முதல் பாலைத் தனியாக வைத்துவிட்டு, ஒரு எலுமிச்சையின் பச்சைத் தோலை மட்டும் லேசாகத் துருவி, ஐந்து தேக்கரண்டி சர்க்கரையோடு விரலால் நசுக்கிக் கலக்க வேண்டும். சில நொடிகளில் சர்க்கரை ஈரமாகி, பச்சை நிறம் ஏறி, அடுக்களை முழுக்க வாசம் வரும். தோலில் இருக்கும் எண்ணெய்தான் அந்த வாசம். சாற்றில் அது கிடையாது. பிறகு மூன்று டம்ளர் குளிர்ந்த நீர், சாறு, இரண்டு சிட்டிகை உப்பு, ஒரு ஏலக்காய். சர்க்கரை முழுவதும் கரைந்தபின் வடிகட்டி, கடைசியாகத் தேங்காய்ப்பாலை மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் மேலே வெள்ளையாக ஒரு படலம் கட்டும். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள். அது இறுகிய தேங்காய்க் கொழுப்பு. கரண்டியால் ஒரு சுற்று சுற்றினால் கலந்துவிடும்.

நம்பிக்கை: தோலோடு அரைத்தால் கசக்கும்

இது பாதி உண்மை. கசப்பு வருவது பச்சைத் தோலிலிருந்து அல்ல. அதற்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பஞ்சிலிருந்தும் விதையிலிருந்தும். அதுவும் அரைத்த நொடியில் வருவதில்லை. எலுமிச்சைக் குடும்பத்துப் பழங்களின் பஞ்சிலும் விதையிலும் சுவையே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. பழம் நசுங்கி அது சாற்றின் அமிலத்தோடு கலந்ததும், மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும். சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுக் குடித்துப் பார்த்த எவருக்கும் இந்தக் கசப்பு தெரியும். கடைக்காரர் பழைய பழத்தைப் போட்டுவிட்டார் என்று திட்டுவது வழக்கம். பாவம், அவர்மீது குற்றமில்லை.

பிரேசில்காரர்கள் தோலோடு அரைத்தும் கசக்காமல் குடிப்பதன் ரகசியம் நேரம்தான். நம் மிக்ஸி தேங்காயையும் மிளகாயையும் மையாக அரைக்கப் பிறந்தது. அதில் அரை நிமிடம் ஓட்டினால் விதையும் பஞ்சும் கூழாகிவிடும். காம்புப் பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் சீவி, நடுத்தண்டையும் விதைகளையும் எடுத்துவிட்டு, நான்காக வெட்டி, நிறையக் குளிர்ந்த நீரோடு இரண்டு மூன்று முறை விட்டு விட்டு ஓட்டினால் போதும். உடனே வடிகட்டி உடனே குடிக்க வேண்டும். காலையில் செய்து பாட்டிலில் அடைத்து மாலைக்கு எடுத்துப்போக இந்த முறை உதவாது.

நம்மிடம் இருப்பது மெல்லிய தோல் கொண்ட சிறிய எலுமிச்சை. தென்காசி மாவட்டத்துப் புளியங்குடியின் பெயரைச் சொன்னாலே சந்தையில் நினைவுக்கு வருவது இதுதான். ஐரோப்பியச் செய்முறைகளில் வரும் தடித்த தோல் லெமன் வேறு இனம். ஒரு லெமன் என்று அங்கே எழுதியிருந்தால், இங்கே ஒரு பழம் போதாது.

நம்பிக்கை: வெயிலுக்கு இதைவிட நல்ல பானம் இல்லை

மிகவும் பரவலானதும் மிகவும் ஆபத்தானதும் இதுதான். 100 கிராம் மில்க்மெய்டில் சுமார் 55 கிராம் சர்க்கரை. ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் 22 கிராம் உள்ளே போகிறது. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது 2015-இல் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு. ஒரே டம்ளரில் அந்த 25 கிராமில் பெரும்பங்கு முடிந்துவிடுகிறது.

சென்னையின் புறநகர்க் கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை காயாது, வழியும். வேர்வையோடு போவது தண்ணீரும் உப்பும். வறண்டுபோன உடலுக்கு நீர் ஏற்றுவதற்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, அவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் இருக்கின்றன. மேலே சொன்ன அளவில் மில்க்மெய்டு பானத்தை 200 மில்லி டம்ளரில் கலந்தால் லிட்டருக்கு 110 கிராம் சர்க்கரை, அதாவது எட்டு மடங்கு. அவ்வளவு இனிப்பு குடலில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். உடம்புக்குள் வேகமாகச் சேர விடாது. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு இதைக் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

தாகத்துக்கு உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் நீர்மோரும் போதும். கோவளத்துக்குப் பக்கத்திலேயே கேளம்பாக்கத்தில் உப்பளங்கள் இருக்கின்றன, ஆனாலும் லெமன் ஜூஸில் உப்பைக் குறைத்துச் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டே போகிறோம். தேங்காய்ப்பால் பானமும் மில்க்மெய்டு பானமும் ருசிக்காக எப்போதாவது குடிப்பவை. வெயிலில் ஒருவர் தலைசுற்றி விழுந்து நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

நம்பிக்கை: எலுமிச்சை என்றால் வைட்டமின் சி

இருக்கிறது, ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. 100 கிராமுக்கு நம் சிறிய எலுமிச்சையில் சுமார் 30 மில்லிகிராம், லெமனில் 50-க்குச் சற்று மேல், கொய்யாவிலோ 200-க்கு மேல். இந்த வேறுபாட்டைப் பிரிட்டிஷ் கடற்படை வலியோடு கற்றது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் லெமனும் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைக் குணமாக்குவதைச் சோதித்துக் காட்டினார். 1860-களில் கடற்படை, லெமனை விட்டுவிட்டு மேற்கிந்தியத் தீவுகளின் சிறிய எலுமிச்சைக்கு மாறியது. அதில் சத்து குறைவு; சாற்றைச் செம்புக் குழாய்கள் வழியே செலுத்திக் காற்றுபட வைத்திருந்ததில் மிச்சமும் போயிற்று. 1875-இல் வடதுருவம் நோக்கிப் போன ஜார்ஜ் நேர்ஸ் தலைமையிலான கடற்படைப் பயணத்தில் ஸ்கர்வி திரும்ப வந்தது. வீட்டிலும் பிழிந்த சாற்றைச் செம்பிலோ, ஈயம் பூசாத பித்தளையிலோ வைக்கக் கூடாது. எவர்சில்வரும் கண்ணாடியும் பாதுகாப்பானவை.

எலுமிச்சை குடித்தால் சளி பிடிக்கும் என்பதும் தவறு, சளியே வராது என்பதும் தவறு. சளியைக் கொண்டுவருவது வைரஸ்.

ஐஸ் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதுதான் வருத்தம். உறைந்தால் கிருமி செத்துவிடும், மிச்சத்தை எலுமிச்சை பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். டைபாய்டு கிருமியும் மஞ்சள் காமாலை வைரஸும் ஐஸில் உயிரோடு இருக்கும். இனிப்பும் தண்ணீரும் கலந்து நீர்த்துப்போன எலுமிச்சைச் சாறு அவற்றைக் கொல்லும் என்று நம்ப முடியாது. கோவளம் மீனவர் ஊர். மீனைப் பதப்படுத்த வரும் ஐஸ் பார் குடிப்பதற்காகச் செய்யப்படுவதல்ல. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் வீட்டிலேயே ஐஸ் கட்டி போட்டுக்கொள்வதுதான் நல்லது. தேங்காய்ப்பால் சேர்ந்த பானத்தை 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது.

கடைசியாக, குடிக்கிற விஷயமே அல்லாத ஒன்று. எலுமிச்சையைத் தேய்த்தால் வெயில் கருமை போகும் என்று சொல்லி, கடற்கரையிலேயே பிழிந்த மூடியை முகத்திலும் கையிலும் தேய்த்துக்கொள்கிறார்கள். எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் ஃபுரோகூமரின் என்ற பொருள் உண்டு. அது பட்ட தோலில் வெயிலின் புற ஊதாக் கதிர் விழுந்தால் ஓரிரு நாளில் சிவந்து, எரிந்து, கொப்புளம்கூட வரும். பிறகு கரும்பழுப்புத் தழும்பு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கும். குழந்தைகளின் கையிலும் முதுகிலும் விரல் அச்சுபோலத் தழும்பைப் பார்த்து, யாரோ அடித்துவிட்டார்களோ என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டதும் உண்டு. கடற்கரையில் எலுமிச்சை பிழிந்தவர்கள் குழந்தையைத் தூக்குவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.