பிச்சாவரத்தில் தண்ணீர் நடக்கும் வழி



காடு என்றால் ஒற்றையடிப் பாதை இருக்கும், நடந்து போகலாம் என்று நினைப்போம். பிச்சாவரத்தில் அந்தக் கதையே வேறு. கிள்ளையிலிருந்து படகுத்துறை வரைக்கும் ரோடு இருக்கு, பேசிக்கிட்டே நடக்கலாம். அதுக்கு மேல பாதை எல்லாம் வாய்க்கால்தான். சேற்றில் கால் வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டு ஆற்று முகத்துவாரத்துக்கும் நடுவில் உள்ள உப்பங்கழியில் சுமார் 1100 ஹெக்டேரில் இந்தக் காடு இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள். படகில் போகும்போது சுரபுன்னையின் தாங்கு வேர்களைப் பார்க்கலாம். வெண்கண்டல் மரத்தடியில் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கிட்டு இருப்பது மூச்சு வேர். சேற்றில் காற்று இல்லாததால் மேலே வந்து மூச்சு விடுது! தில்லை மரமும் இங்கே உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, யாரும் ஒடிக்காதீங்க.

இனி முக்கியமான விஷயம். முன்பு பல ஆண்டுகள் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மரம் தானாக முளைக்கவில்லை. ஏன்? நிழல் போனதும் வெயிலில் மண் காய்ந்து, தாம்பாளம் மாதிரி நடுவில் அமுங்கிவிட்டது. ஏறி வந்த கடல் தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் பள்ளத்திலேயே தங்கியது. தண்ணீர் ஆவியாகப் போய் உப்பு மட்டும் சேர்ந்தது. அவ்வளவு உப்பில் அலையாத்தியே பிழைக்காது.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலே இருந்து பார்த்தால் மீன் முள் மாதிரியே இருக்கும். தண்ணீர் தினமும் வந்து போனதால் உப்பு குறைந்தது. கரையில் நட்ட கன்றுகள் வளர்ந்தன. பெரிய மெஷின் எதுவும் இல்லை, தண்ணிக்கு வழி விட்டாங்க, அவ்வளவுதான். எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது.

26.12.2004 அன்று சுனாமி வந்தபோது நாம் யாரும் பிறக்கவே இல்லை. ஆனால் வீட்டுக்கு வீடு அந்தக் கதை உண்டு. கடலுக்கு நேரே இருந்த குடியிருப்புகள் அழிந்தன, காட்டுக்குப் பின்னால் இருந்தவற்றுக்குச் சேதம் குறைவு. 2005-இல் ஆராய்ச்சியாளர்களும் நம்ம மாவட்டக் கரையை ஆராய்ந்து இதையே எழுதினார்கள்.

அந்த வாய்க்கால்களில் நிஜமாகவே காலால் போகிறவர்கள் இருளர் மக்கள். பறியை வாயில் கவ்விக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். எங்கள் தாத்தாவும் இறாலுக்குப் போனவர். காட்டைப் பற்றி எழுதப் போறேன் என்றதும், "மரத்தை மட்டும் எழுதாத பாப்பா, வாய்க்கால் தூர்ந்தா எறாலும் வராது, மரமும் பட்டுப்போயிடும்" என்றார்.

மீன் முள் வாய்க்கால் படத்தை வரைந்து பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நீல ஸ்கெட்ச் போட்டிருப்பது தண்ணீர் ஏறும் வழி, சிவப்பு வடியும் வழி.

- 9-ஆம் வகுப்பு மாணவி