பாதிச் சோறு போதும்

இலண்டன் சவுத்ஹோலில் 1988இல் தொடங்கிய ஆய்வு, தெற்காசியருக்கு நீரிழிவு ஐரோப்பியரைவிடப் பல மடங்கு கூடுதலாக வருவதைக் காட்டியது. வயிற்றில் சேரும் கொழுப்பு முக்கிய காரணம். ஆகவே, "நான் மெலிவுதானே" என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி இரண்டாய் மடியுங்கள். அது இடுப்பைச் சுற்றி எட்டாவிட்டால் கவனம் தேவை.

வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குக் கோப்பை நிறையச் சோறு, அதற்கு உருளைக்கிழங்குக் கறி. மாச்சத்துக்கு மேல் மாச்சத்து! சோற்றை விடச் சொல்லவில்லை. பாதியாக்கி, மிச்ச இடத்தில் கீரை, பயற்றங்காய், பருப்பு வையுங்கள். குரக்கன் புட்டு நல்லதுதான். ஆனால் அதுவும் மாதான், அளவு வேண்டும். தேத்தண்ணிச் சீனியைப் பிள்ளைகள் கணக்கெடுக்கட்டும், அவர்கள் விடமாட்டார்கள்.

நீரிழிவு, இதய நோய் போன்றவை ஏற்கெனவே இல்லாத 40 முதல் 74 வயதினருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை உண்டு. அழைப்பு வராவிட்டால் உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.