லேஅவுட் மனையில் கொய்யா: குழி முதல் ஜெல்லி வரை

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையின் இருபுறமும் புதிய வீடுகள் எழும்பியபடி இருக்கின்றன. அரை கிரவுண்டு மனையில் வீடு போக மிஞ்சும் மூலைக்கு மாவும் பலாவும் பெரிது. அங்கே பொருந்துவது கொய்யா. வெட்ட வெட்டத் துளிர்க்கும், துளிரில்தான் பூக்கும். எப்போது வெட்டுகிறோம் என்பதே எப்போது பழம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும்.

1. கன்று வாங்கும்போது வேரைப் பாருங்கள்

விதைக் கன்று வேண்டாம். பதியன் கன்று வாங்குங்கள். அது தாய்மரத்தின் குணத்தோடு சீக்கிரமே காய்க்கும். லக்னோ 49, அலகாபாத் சஃபேதா இரண்டும் வெள்ளைச் சதை. சிவப்புச் சதை வேண்டுமானால் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கிரண்.

தமிழ்நாட்டுக் கொய்யாவுக்கு இன்று பெரிய எதிரி வேர்முடிச்சு நூற்புழு. அது பெரும்பாலும் நாற்றங்கால் மண்ணோடுதான் வீட்டுக்கு வருகிறது. பையின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். வேரில் மணி கோத்ததுபோல் முடிச்சு இருந்தால் இலை எவ்வளவு பசுமையாக இருந்தாலும் வாங்காதீர்கள். செங்கல்பட்டை அடுத்த ஆத்தூர் அரசுத் தோட்டக்கலைப் பண்ணையிலும் கன்று விசாரிக்கலாம். சந்தேகம் கேட்கக் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

2. குழி

புது மனைகளில் மேலே கிடப்பது பெரும்பாலும் கொட்டி நிரவிய கிராவல். நடுவே சிமென்ட் கட்டியும் செங்கல் துண்டும். அதனால் வழக்கமான ஒன்றரை அடிக் குழி போதாது. இரண்டடி நீள, அகல, ஆழத்தில் தோண்டி, கட்டடக் கழிவை முழுதும் அள்ளி எறியுங்கள். ஒரு வாரம் வெயில் காயட்டும். பிறகு செம்மண்ணோடு இரண்டு கூடை மக்கிய தொழு உரமும் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். சுவரிலிருந்து ஆறேழு அடியாவது தள்ளி, நாள் முழுதும் வெயில் விழும் இடமாக இருக்கட்டும்.

3. நடவு

ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். தண்ணீர் தேங்கும் மனை என்றால் அரையடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். நட்ட அன்றும் மூன்றாம் நாளும் தண்ணீர் விட்டு, பிறகு மழையைப் பார்த்து வாரம் ஒருமுறை விடலாம். பங்குனி, சித்திரை வெயிலில் முதலாண்டுக் கன்றுக்கு வாரம் இருமுறை தேவைப்படும். அடியில் சருகு மூடாக்கு போட்டால் ஈரம் நிற்கும். தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள்.

4. குட்டையாக வளருங்கள்

கன்று இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கிளைப்பவற்றில் திசைக்கொன்றாக மூன்று, நான்கை விட்டு மற்றவற்றை நீக்குங்கள். முதலாண்டுப் பூவை உதிர்த்துவிடுங்கள். பிறகு ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி–மார்ச்சிலும் செப்டம்பர்–அக்டோபரிலும், முந்தைய பருவத்து நுனிகளை அரை அடி அளவுக்குக் கவாத்து செய்யலாம். நேராக மேலே ஓடும் கிளையை வெட்டாமல் வளைத்து, தரையில் அடித்த முளையில் கட்டினாலும் கணுவெல்லாம் துளிர்த்துப் பூக்கும்.

பூத்துப் பழுக்க நான்கைந்து மாதம். பிப்ரவரிக் கவாத்தின் பழம் மழையை ஒட்டி வந்து சப்பென்றிருக்கும். செப்டம்பர்க் கவாத்தின் பழம் பனி முடிந்து வெயில் தொடங்கும்போது இனிப்பாக வரும். வீட்டுக்கு ஒரு பருவம் போதுமென்றால் செப்டம்பரில் தாராளமாகவும் பிப்ரவரியில் இலேசாகவும் வெட்டுங்கள்.

5. உரம்

மார்ச்சிலும் அக்டோபரிலும் தொழு உரம் இட்டு மண்ணைக் கொத்திவிடுங்கள். இலை சிறுத்து மஞ்சளித்தால் லிட்டர் தண்ணீருக்கு யூரியா 10 கிராம், துத்தநாக சல்பேட் 5 கிராம் கரைத்து, அதே இரு மாதங்களில் மாலையில் இலைகளில் தெளிக்கலாம்.

6. பூச்சி

இலையடியில் வெள்ளையாகப் படரும் மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும், தண்ணீரைப் பீய்ச்சியடித்த பின் லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள். பழத்துக்குள் புழு இருந்தால் பழ ஈயின் வேலை. உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதையுங்கள். காய் எலுமிச்சை அளவு வந்ததும் காகித உறையோ துணிப் பையோ கட்டினால் ஈயும் அணிலும் அண்டாது.

7. பறிப்பும் ஜெல்லியும்

கரும்பச்சை வெளிறி இளமஞ்சள் படரும்போது காம்போடு பறியுங்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ன அதுதான் பதம். ஜெல்லிக்கும் அதுவே, கனிந்து குழைந்த பழத்தில் ஜெல்லியை உறையவைக்கும் பெக்டின் குறைந்துவிடும்.

ஒரு கிலோ பழத்தை வில்லைகளாக நறுக்கி, மூழ்கத் தண்ணீர் விட்டு, ஒரு எலுமிச்சைச் சாறு சேர்த்து அரைமணி நேரம் வேகவிடுங்கள். துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிழிந்தால் ஜெல்லி கலங்கும். வடிந்த சாறு ஒரு கப்புக்கு முக்கால் கப் சர்க்கரை போட்டுக் காய்ச்சுங்கள். கரண்டியைச் சாய்த்தால் சொட்டாமல் தகடாக வழுக்கி விழும் பதத்தில் இறக்கி, சுடுநீரில் கழுவி உலர்த்திய பாட்டிலில் ஊற்றுங்கள். துணியில் மிஞ்சிய சதையைச் சல்லடையில் தேய்த்து விதை நீக்கி, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறினால் அல்வாவும் ஆகிவிடும்.