கணனி தரும் விடையைக் கையாலும் சரிபார்ப்போம்

காலபோகம் நெருங்கும்போது, குத்தகைக் காணி எடுத்த குடும்பங்களுக்கு முதலில் எழும் கேள்வி, விதைநெல் எவ்வளவு வேண்டும் என்பதே. சொந்த வயலில் இக்கணக்கு எமக்குக் கைப்பழக்கமாக இருந்தது. இடம்பெயர்ந்து வந்த இடத்திலோ காணியும் புதிது, கடனும் புதிது. கூட வாங்கினால் கடன் ஏறும். குறைய வாங்கினால் வயலில் வெளி விழும். இக்கணக்கைக் கணனியில் செய்யும் முறையை இப்பாடத்தில் படிப்போம். கணனி பழகும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு வாசியுங்கள்.

இதற்குப் பைதன் என்னும் கணனி மொழி போதும். நெதர்லாந்தைச் சேர்ந்த கீடோ வான் ரோசம் ஆக்கிய இம்மொழி 1991இல் வெளிவந்தது. இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. இதனுடன் ஐடில் என்னும் எழுதுகருவியும் கிடைக்கிறது.

செய்முறை:

1. ஐடிலைத் திறந்ததும் ஒரு யன்னல் தோன்றும். இதுவே விடை வரும் யன்னல்.

2. அதில் 'பைல்' என்பதை அழுத்தி, 'நியூ பைல்' என்பதைத் தெரிவு செய்க. எழுதுவதற்கு வேறொரு யன்னல் திறக்கும். அதில் பின்வரும் 3 வரிகளை எழுதுக:

பரப்பு = 40
ஏக்கர் = பரப்பு / 16
விதைநெல் = ஏக்கர் * 2

3. நான்காம் வரியில் 'பிரின்ட்' என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதி, அதையடுத்து அடைப்புக்குறிக்குள் விதைநெல் என்று எழுதுக.

4. எப் 5 விசையை அழுத்துக. சேமிக்கவா என்று கேட்கும், பெயரிட்டுச் சேமிக்கவும். முதல் யன்னலில் 5.0 என விடை வரும்.

16 பரப்பு ஓர் ஏக்கர். வீசி விதைக்க ஏக்கருக்கு 2 புசல் என்று எடுத்துக்கொண்டோம். ஆகவே 40 பரப்புக்கு 5 புசல் வேண்டும்.

பிழைகள் இருவகைப்படும். இரண்டாம் வரியில் 'பரப்பு' என்பதைப் 'பரபு' என்று எழுதினால், விடைக்குப் பதிலாகச் சிவப்பு எழுத்துகள் வரும். பிழை எந்த வரியில் உள்ளதென்பதும் அதில் இருக்கும். அந்த வரியைத் திருத்தி, மீண்டும் எப் 5 அழுத்தினால் போதும்.

மற்றப் பிழையே ஆபத்தானது. 16க்குப் பதிலாக 6 என்று எழுதிவிட்டால் சிவப்பு எழுத்து எதுவும் வராது. 13 புசலுக்கு மேல் வேண்டுமென்று கணனி அமைதியாகச் சொல்லும். ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோ. ஆகவே 170 கிலோவுக்கு மேற்பட்ட நெல்லை வீணாகக் கடனுக்கு வாங்கிவிடுவோம். எழுதியதை எழுதியபடி கணிப்பதே கணனியின் வேலை. அது வயலைக் கண்டதில்லை. வயலை அறிந்தவர்கள் நாமே.

ஆகவே விடை வந்ததும், வீட்டுப் பெரியவர் ஒருவர் அதை மனக்கணக்காகவும் பார்க்கட்டும். இரண்டும் ஒத்துவந்த பின்னரே கடைக்குப் போவோம். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடும் மனிதனை ஆண்டவர் எமக்கு எடுத்துக்காட்டினார் அல்லவா?

பயிற்சி: 24 பரப்புக்கு எத்தனை புசல் வேண்டும்? முதலில் கையால் கணித்து எழுதுக. பின்பு முதல் வரியை மட்டும் மாற்றி, எப் 5 அழுத்தி ஒப்பிடுக.