கழற்ற மறந்த ஒரு பித்தளைக் கால்

சித்திரை முகூர்த்தங்கள் முடிந்து மூன்று கல்யாண ஆல்பங்கள் டிசைனுக்குக் காத்திருந்த வாரத்தில் என் கம்ப்யூட்டர் நின்றுபோனது. பட்டனை அமுக்கினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி அடங்கிவிடும். பீப் இல்லை, டிஸ்ப்ளே இல்லை. தெருமுனை சர்வீஸ்காரர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “போர்டு, பிராசஸர் ரெண்டும் காலி சார். புதுசா போட்டுடுங்க, முப்பத்தஞ்சாயிரத்துல முடிச்சுத் தரேன்” என்றார். அவர் காலி என்று சொன்ன அதே பிராசஸரில்தான் இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

போர்டுதான் போனதா என்று உறுதி செய்ய அரை மணி நேரம் போதும். எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகக் கழற்றி, மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அதன் 24 முள் இணைப்பில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். பிறகு சுவிட்சைப் போட்டால் அதன் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினாலும் நம்பிவிடாமல், தெரிந்தவரின் எஸ்எம்பிஎஸ் ஒன்றையும் மாட்டிப் பாருங்கள். ராம் அத்தனையையும் கழற்றிவிட்டு, இருபது ரூபாய் ஸ்பீக்கரைச் செருகி ஆன் செய்தால், உயிருள்ள போர்டு பீப் அடிக்கும். என்னுடையது அடிக்கவில்லை.

நான் பெட்டி வாங்கியது 2012இல். ஐ5-3570 பிராசஸர், இசட்77 சிப்செட், முழு அளவு ஏடிஎக்ஸ் போர்டு. உங்கள் மேஜைக்கு அடியிலும் அந்த வயதுப் பெட்டிதான் இருக்கும். ரிச்சி தெருவில் அந்த 1155 சாக்கெட்டுக்கு ஹெச்61 சிப்செட் போட்ட சிறிய போர்டுகள் இன்னும் புதிதாகவே கிடைக்கின்றன. ரூ.3,200க்கு ஒன்று வாங்கினேன். ராம் ஸ்லாட் நான்கிலிருந்து இரண்டாகக் குறையும். எஸ்எஸ்டியின் வேகமும் பாதியாகும், ஏனென்றால் ஹெச்61இல் உள்ள சாட்டா 3 ஜிகாபிட்தான். என் வேலைக்கு இது போதும் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு இன்றும் சரியென்றே நினைக்கிறேன்.

தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. கேபினட்டின் தகட்டில் போர்டைத் தாங்கி நிற்கும் பித்தளைக் கால்களைக் கடையில் ஸ்பேசர் என்பார்கள். பழைய போர்டு ஒன்பது கால்களில் உட்கார்ந்திருந்தது. புதியதில் ஆறே துளைகள். மேல் வரிசையில் ஸ்க்ரூ அழகாக இறங்கியது. கீழ் வரிசைத் துளைகளுக்கு அடியில் காலே இல்லை, வெறும் தகடு தெரிந்தது. அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். ஆல்பக்காரர் காலையிலிருந்து மூன்று முறை போன் செய்திருந்தார். இருக்கிற ஸ்க்ரூ போதும் என்று சுவிட்சைப் போட்டேன். மூன்று விநாடிகூட ஆகவில்லை, கருகிய வாடை வந்துவிட்டது.

பழைய போர்டின் துளைக்காக நின்ற ஒரு கால், புதிய போர்டில் துளையே இல்லாத இடத்தில், பின்பக்கச் சாலிடர் முனைகளை முட்டிக்கொண்டிருந்தது. பித்தளைக் கால் கேபினட்டோடு சேர்ந்தது, அதாவது எர்த். 12 வோல்ட் ஓடும் முனை அதில் பட்டால் ஷார்ட்தான். நல்ல எஸ்எம்பிஎஸ் அந்த நொடியே தானாக அணைந்திருக்கும். என் பழசு அணையவில்லை. அன்றே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தம்பி வீட்டில் சும்மா கிடந்த நல்லதொன்றை எடுத்து வந்தேன்.

விற்ற கடைக்காரர் போர்டைத் திருப்பிப் பார்த்தார். மிளகளவு கறுப்பு வட்டம். “பர்ன் மார்க் இருந்தா வாரண்டி கிடையாது சார்.” என் கவனக்குறைவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழு அளவு போர்டை எடுத்துவிட்டுச் சின்னதைப் போடப்போகிறேன் என்று வாங்கும்போதே அவரிடம் சொல்லியிருந்தேன். பழைய ஸ்பேசரைக் கழற்றிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு என்ன செலவு? எதிர்க்கடையில் அதே போர்டு ரூ.2,900க்குக் கிடைத்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இரண்டாவது போர்டை முதலில் அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, பிராசஸர், கூலர், ஒரு ராம் மட்டும் மாட்டி, பவர் சுவிட்ச் முள் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொட்டேன். பயாஸ் திரை வந்தது. பிறகு போர்டைச் செய்தித்தாள் மேல் வைத்து, துளைகள் வழியே பென்சிலால் குறித்து, தாளை அப்படியே கேபினட் தகட்டில் பரப்பினேன். குறி இல்லாத இடத்துக் கால்களைக் கழற்றி, குறி உள்ள இடங்களில் திருகினேன். ஐந்து நிமிட வேலை. விண்டோஸ் துவங்காமல் நீலத் திரை வந்தால் பயாஸில் சாட்டா முறையைப் பழையபடி ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள்.

அடுத்தது ஃபேன். பழைய போர்டில் ஐந்து இணைப்புகள் இருந்தன. இதில் பிராசஸருக்கு ஒன்று, கேபினட்டுக்கு ஒன்று. என்னிடம் இருந்ததோ நான்கு கேபினட் ஃபேன்கள். ரூ.1,200 கன்ட்ரோலர் ஒன்றைக் காட்டினார்கள். தேவையில்லை. போர்டின் ஓர் இணைப்பு பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும். என் ஃபேன் ஒவ்வொன்றின் ஸ்டிக்கரிலும் 0.2 ஆம்பியர் என்று போட்டிருந்தது. ரூ.120 ஒய் கேபிளில் முன்பக்க ஃபேன் இரண்டையும் சேர்த்தேன். வேகத்தைச் சொல்லும் மூன்றாவது ஒயர் இரண்டில் ஒன்றுக்குத்தான் போக வேண்டும். நல்ல கேபிளில் மற்றதன் முள் இருக்காது. பின்பக்க ஃபேனுக்கு ரூ.60 மோலெக்ஸ் இணைப்பு வாங்கி, நேரே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 12 வோல்ட் கொடுத்தேன். மஞ்சள் ஒயரையும் சிவப்பு ஒயரையும் கொடுத்து 7 வோல்ட்டில் ஓட்டு, சத்தம் குறையும் என்றார் மைத்துனர். அப்படிச் செய்தால் ஃபேனின் மின்னோட்டம் 5 வோல்ட் லைனுக்குள் திரும்பிப் பாயும். ஒரு போர்டை எரித்தவன் அதைச் செய்ய மாட்டான்.

பக்கவாட்டு ஃபேனைக் கழற்றியே விட்டேன். அக்கினி நட்சத்திர வெயிலிலும் பிராசஸர் சூடு இரண்டு டிகிரிதான் கூடியது. கரகரத்த பின்பக்க ஃபேனின் ஸ்டிக்கரைப் பாதி உரித்துத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன், சத்தம் நின்றது. முன்பக்கம் கொசுவலைத் துண்டு ஒட்டியிருக்கிறேன். ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு போர்டு ரூ.6,100, ஸ்லாட் குறைந்ததால் வாங்கிய பழைய 8 ஜிபி ராம் இரண்டு ரூ.1,600, பேஸ்ட், ஸ்பீக்கர், ஒயர்கள் ரூ.300. மொத்தம் ரூ.8,000. மூன்று ஆல்பங்களும் வைகாசி பிறப்பதற்குள் அச்சுக்குப் போய்விட்டன.